கார்ஃபீல்டைக் கொன்றது குண்டா, டாக்டர் விரலா?

குடியாத்தம் கணக்கு வாத்தியார்:
போன வாரம் பத்தாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் நடத்தினேன். புத்தகத்தில் உள்ளது முடிந்ததும், வழக்கம்போல அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டின் நிரூபணத்தையும் போட்டுக் காட்டினேன். ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்களில் ஒன்றை நிறுத்தி, ஒன்றைப் படுக்கவைத்து, மேல் முனைகளைச் சேர்த்தால் சரிவகம். நடுவில் இன்னொரு செங்கோண முக்கோணம் தானாக வந்துவிடும். சரிவகத்தின் பரப்பும் மூன்று முக்கோணங்களின் பரப்பும் சமம், அவ்வளவுதான். 1876-ல் இது அச்சானபோது அவர் ஒஹாயோ மாநிலத்திலிருந்து காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர், இன்னும் ஜனாதிபதி ஆகவில்லை.

ஆளைப் பற்றியும் சொன்னேன். மரக்குடிசையில் பிறந்தவர், இரண்டு வயதுக்குள் அப்பா போய்விட்டார். 16 வயதில் கால்வாய்ப் படகு இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டினார். பள்ளியைப் பெருக்கி ஃபீஸ் கட்டினார், பின்னால் அதே பள்ளிக்குத் தலைவரானார். 1881 மார்ச் 4 பதவியேற்பு, ஜூலை 2 துப்பாக்கிச்சூடு, செப்டம்பர் 19 மரணம்.

"நடுவுல ரெண்டரை மாசம் என்ன சார் பண்ணாங்க?" என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். முழித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலூர் பழைய தியேட்டர் சிஸ்டர்:
சார், நான் 31 வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். புதுசாக வரும் பெண்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் கை கழுவப் பழக்குவேன்.

வாஷிங்டன் ரயில் நிலையத்தில் இரண்டு குண்டு. ஒன்று கையை உரசிப் போனது. மற்றது முதுகில் நுழைந்து, முதுகெலும்பை உடைத்துக்கொண்டு, கணையத்துக்குப் பின்னால் போய் அடங்கிவிட்டது. ஸ்டேஷன் தரையில் கிடக்கும்போதே டாக்டர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தார்கள். அப்புறம் வாரக்கணக்கில் அதே வேலைதான். பொறுப்பேற்ற டாக்டர் பிளிஸ், குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று சாதித்தார். இருந்ததோ இடப்பக்கம். டெலிபோன் கிரகாம் பெல் உலோகம் தேடும் கருவியோடு வந்தார்; அவரையும் வலப்பக்கமே தேடவிட்டார்கள். கட்டிலின் இரும்புச் சுருள் வேறு குழப்பியது.

உடம்பெல்லாம் சீழ். சாப்பாடு வாயில் தங்காமல் ஆசனவாய் வழியாக மாட்டிறைச்சிச் சாறு ஏற்றினார்கள். கிட்டத்தட்ட 95 கிலோ ஆள் 60 கிலோவுக்கு வந்துவிட்டார். அறையைக் குளிர வைக்க ஐஸ் கட்டி மேல் காற்று ஊதும் யந்திரம் வைத்தார்களாம். நம் ஊர் அக்னி வெயிலில் படுத்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

எனக்கு ஆறாதது இதுதான். கிருமி கொல்லும் முறையை பிரிட்டிஷ் சர்ஜன் லிஸ்டர் 1867-லேயே எழுதிவிட்டார். உங்கள் சரிவகம் அச்சான அதே 1876-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து பேசினார். கேட்டவர்கள் பலர் சிரித்தார்கள். நம் ராணிப்பேட்டையில் பிறந்து, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு 1881-ல் பத்து வயது. அவர் டாக்டராகி வேலூர் திரும்பும்போது காலம் மாறியிருந்தது.

சத்துவாச்சாரி தம்பி:
குரூப் 4 படிப்பவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். சுட்ட சார்லஸ் கிட்டோவுக்கு வேலைதான் பிரச்சினை. தன் பேச்சால்தான் கார்ஃபீல்டு ஜெயித்தார் என்று நம்பி, பாரீஸில் தூதரகப் பதவி கேட்டு வாசல் வாசலாக அலைந்தான். அப்போது உத்தியோகம் எல்லாம் கட்சி சிபாரிசுதான். கார்ஃபீல்டின் சாவுக்குப் பிறகு 1883-ல் பெண்டில்டன் சட்டம் வந்து, சில பதவிகளுக்காவது பரீட்சை என்றானது. டாக்டர்கள்தான் கொன்றார்கள், நான் சுட மட்டும்தான் சுட்டேன் என்று கோர்ட்டில் வாதாடினான். 1882-ல் தூக்கு.

வேலூர் பழைய தியேட்டர் சிஸ்டர்:
அவன் சொன்னதில் பாதி நிஜம் தம்பி. தூக்குக்கு அது போதாதுதான்.

குடியாத்தம் கணக்கு வாத்தியார்:
ரொம்ப நன்றிங்க சிஸ்டர், தம்பிக்கும். நாளைக்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட். மாட்டிறைச்சிச் சாறு போன வழியை மட்டும் விட்டுவிடுகிறேன்.