மறுமொழி: வெப்ப குறைவு விகிதமா, வெப்பநிலைத் தணிவீதமா?

> உயரம் கூடக்கூட வெப்பநிலை இறங்குவதற்கு 'வெப்ப குறைவு விகிதம்' இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா.

அச்சொல் இரண்டு இடங்களில் இடிக்கிறது. குறைவது வெப்பநிலை, வெப்பமல்ல. மேலேறும் காற்று யாருக்கும் வெப்பத்தைக் கொடுக்காமலே, அழுத்தம் குறைந்து விரிவதாலேயே குளிர்கிறது; 'வெப்பம் குறைகிறது' என்று படித்த மாணவர் இங்கேதான் தடுமாறுவார். அடுத்து, விகிதத்துக்கு அலகு கிடையாது. இதுவோ கிலோமீட்டருக்கு இத்தனை டிகிரி. ஆகவே வீதம். 'வெப்பநிலைத் தணிவீதம்' என்று முன்மொழிகிறேன். முதல்முறை முழுதாக, பிறகு தணிவீதம் மட்டும்.

அடைமொழி சேர்ப்பதும் எளிது. ஓரிடத்தில் நிலவும் காற்றுக்குச் சூழல் தணிவீதம், சராசரி 6.5 டிகிரி. நீராவி துளியாகாமல் ஏறும் காற்றுக்கு உலர் தணிவீதம், 9.8. நீராவி துளியாகும்போது, ஆவியானபோது உள்வாங்கிய உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் ஈரத் தணிவீதம் குறைவு. வெதுவெதுப்பான ஈரக்காற்றில் 4 டிகிரியை ஒட்டி நிற்கும். ஜவ்வாது மலைச் சரிவில் பிற்பகல் இடிமேகம் எழுவதை விளக்க மூன்றும் தனித்தனியே வேண்டும். சூழல் தணிவீதம் ஈரத் தணிவீதத்தை மிஞ்சினால், துளிகட்டிய காற்று தன்னைச் சுற்றியுள்ளதைவிடச் சூடாகிவிட்ட மட்டத்துக்கு மேல் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும்.

நம் பக்கத்துக் கணக்கு: வேலூர் சுமார் 216 மீட்டர், ஜவ்வாது மலைமேலுள்ள காவலூர் வானாய்வகம் 725. வேறுபாடு 509 மீட்டர். ஒரே நேரத்தில் கீழே 37, மேலே 34 டிகிரி என்றால் 3 ÷ 0.509 = 5.9. வெப்பமானி நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டியில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். வேலூரில் மொட்டைப் பாறைக் குன்றை ஒட்டி வைத்தால் பாறையின் சூடு கலந்து தணிவீதம் பொய்யாகக் கூடிவிடும். உயரத்தைக் கைப்பேசியில் பார்க்காதீர்கள், பல மீட்டர் பிசகும். நிலவரைபடத்தின் சமஉயரக் கோடே நம்பகம். மாலையில் கடற்காற்று கீழே மட்டும் எட்டியிருந்தாலோ, மலைமேல் மட்டும் மேகம் கவிந்திருந்தாலோ அந்த அளவீட்டை விட்டுவிடலாம். இவ்வளவு செய்தாலும் கிடைப்பது மலைச்சரிவின் தணிவீதமே. தரையை ஒட்டாத திறந்தவெளிக் காற்றை அளக்கக் கருவி கட்டிய பலூன்தான்.

> வெயில் தணிந்தது என்றால் நேரம் போகப்போக என்றுதானே பொருள்? இங்கே உயரம் அல்லவா பேச்சு? மார்கழி விடியலில் பாலாற்றுப் பள்ளம் மேட்டைவிடக் குளிர்ந்திருக்கும்போது என்ன சொல்வது?

நியாயமான கேள்வி ஐயா. 'உயர' என்று முன்னொட்டுப் போட்டால் 'உயரவழி வெப்பநிலைத் தணிவீதம்' என்று வாயில் நுழையாத நீளமாகிவிடும். உயரம் வரையறையில் வரட்டும். மார்கழி நிலைக்கு 'வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம்' இருக்கவே இருக்கிறது. அப்போது தணிவீதம் எதிர்க்குறி பெறும், வேறு சொல் தேவையில்லை. பதிவுக்கான வரைவு:

வெப்பநிலைத் தணிவீதம்: உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை குறையும் அளவு. குறைந்தால் நேர்க்குறி, கூடினால் எதிர்க்குறி.