புதுப்பிப்பு: பாரசீக 'ல்' பற்றி இன்னும் கொஞ்சம்

பாரசீகத்தின் பல 'ல்'கள் பழைய 'ர்த்' சேர்க்கையிலிருந்து வந்தவை, அவெஸ்தாவின் (பழைய ஈரானிய மொழியிலான சொராஸ்திரிய மறைநூல்) 'சரெத்' (ஆண்டு) 'சால்' ஆனதுபோல, என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். சரி, பேச்சில் 'தீவார்' (சுவர்) ஏன் 'தீவால்' ஆகிறது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே 'ர்த்' இல்லை, வெறும் 'ர்'தான். 'சூராக்' (ஓட்டை) 'சூலாக்' ஆவதும், 'பர்க்' (இலை) 'பல்க்' ஆவதும் அப்படித்தான், ஆனால் 'கார்' (வேலை) அசையவே இல்லை, ஆக இது விதியாக எல்லாச் சொல்லிலும் ஓடிய மாற்றம் அல்ல, சொல்லுக்குச் சொல் தனியாக நடந்தது. தாஜிக்கில் (தாஜிகிஸ்தானில் பேசும் பாரசீகம்) 'தெவோர்', 'தெவோல்' இரண்டுமே உண்டு.

அப்புறம் 'லீசீதன்' (நக்குவது). அவெஸ்தாவில் அதற்கு ரகரம். வேதமொழியில் 'ரிஹ்', 'லிஹ்' இரண்டும். பழைய ஈரானிய மொழிகளில் பொதுவாக 'ர்' ஆகிவிட்ட மூல இந்தோ-ஐரோப்பிய 'ல்' ஏதோ ஒரு வட்டார வழக்கில் தப்பிப் பிழைத்தது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.