ஐந்து டம்ளர் காபியிலிருந்து டீக்கு மாறுவது எப்படி? தலைவலி தாங்க முடியவில்லை

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் பில்டர் காபி குடிப்பேன். விடியற்காலை ஐந்துக்கு ஒன்று, சமையல் முடிந்ததும் ஒன்று, அலுவலகத்தில் பதினொன்றுக்கும் நாலுக்கும் ஒவ்வொன்று, வீடு திரும்பியதும் ஆறரைக்கு ஒன்று. இருபது வருஷமாக இப்படித்தான்.

போன மாதத்திலிருந்து இரவில் படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. தூக்கம் பிடிக்க ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடுகிறது. ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், கோளாறு ஒன்றும் இல்லை. ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். காபி எத்தனை என்று டாக்டர் கேட்டார். ஐந்து என்றதும், குறையுங்கள், டீக்கு மாறினாலும் சரி என்றார். எப்படிக் குறைப்பது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆறரை மணிக் காபியோடு நிறுத்தினேன். சனிக்கிழமை காலையில் லைட்டாக ஒரு டீ மட்டும். மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வெறும் வயிற்றில் குடித்த டீ குமட்டியது. மகன் சாக்ஸ் எங்கே என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். சாயங்காலம் தாங்கமாட்டாமல் அரை டம்ளர் காபி கலந்து குடித்தேன். அரை மணி நேரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது அம்மாவின் பித்தளை பில்டர். அதன் ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது அடுப்பில் காட்டித் தட்ட வேண்டும். ராத்திரியே தூளைப் போட்டு, குடையை வைத்து அழுத்தி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவேன். காலையில் மேல்தட்டைத் தூக்கும்போது ஒரு வாசனை வரும். வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். டம்ளரோடு கொல்லைப்படியில் உட்காருகிற அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் என்னுடையது. அன்று அதே படியில் டீயோடு உட்கார்ந்தபோது அம்மாவின் பில்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

தலைவலி இல்லாமல் மாற வழி உண்டா? டீயிலும் காஃபின் இருக்கிறதே, மாறி என்ன லாபம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகை_மருந்தாளுநர் எழுதியது:

அக்கா, பயப்படாதீர்கள். உங்களுக்கு வந்தது காஃபினைத் திடீரென்று நிறுத்தியதால் வரும் தலைவலி. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட நோய் வகைப்பாட்டிலேயே இது இருக்கிறது. கடைசிக் காபி குடித்து 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். குமட்டல், எரிச்சல் எல்லாம் அதோடு சேர்ந்ததுதான்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். களைப்பும் தூக்கமும் வருவது அதனால்தான். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். தினமும் இப்படி நடந்தால் மூளை அடினோசினுக்கு இன்னும் அதிக இடங்களை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு நாள் காஃபின் வரவில்லை என்றால் அத்தனை இடங்களிலும் அடினோசின் ஏறிவிடும், மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், தலை தெறிக்கும். அரை டம்ளர் காபி அரை மணியில் வேலை செய்ததும் இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் மூளை அதற்கேற்றபடி பழகிக்கொள்ளும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு. உடம்பில் போன காஃபினில் பாதி கழிய சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ஆறரை மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றரைக்கும் உங்களுக்குள் இருக்கிறது. நாலு மணிக் காபியின் மிச்சம் வேறு. அதனால் முதலில் போக வேண்டியது சாயங்காலக் காபி.

தலைவலி மாத்திரை வாங்கினால் அட்டையின் பின்பக்கம் படியுங்கள். சிலவற்றில் பாராசிட்டமாலோடு காஃபினும் கலந்திருக்கும். அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடோ டீயோடோ சேர்த்துப் போடாதீர்கள். இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது, டீ கூடுதலாகவே தடுக்கும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டுக்கும் அப்படித்தான். டீக்கு மாறுகிற உங்களுக்கு இது முக்கியம்.

படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் காபிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குன்னூர்_பனி எழுதியது:

தங்கச்சி, 31 வருஷம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எடைக்கு எடை பார்த்தால் அரபிகா காபிக்கொட்டையைவிடத் தேயிலையில்தான் காஃபின் அதிகம். ஆனால் ஒரு கப் டீக்கு 2 கிராம் தூள் போதும். ஒரு டம்ளர் நல்ல காபிக்கு 10 கிராம் வரை போகும். அதனால்தான் ஒரு டம்ளர் டீயில் பெரும்பாலும் காபியில் பாதி அளவோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். லாபம் அதுதான்.

அந்த லாபத்தை டீ போடும் விதத்திலேயே பலர் தொலைத்துவிடுகிறார்கள். எங்கள் நீலகிரியில் பெரும்பாலும் சி.டி.சி. டீதான். கொழுந்தை நசுக்கி, கிழித்து, குருணையாக்குவோம். அதிலும் டஸ்ட் ரகம் மணல் மாதிரி இருக்கும், தண்ணீரில் போட்ட வேகத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிடும். அதைப் பாலில் போட்டுப் பத்து நிமிஷம் பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டால் காஃபினும் முழுக்க இறங்கும், துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். வெறும் வயிற்றில் குமட்டுவதற்கு அந்தத் துவர்ப்பும் ஒரு காரணம்.

பெரிய குருணையாக, இல்லையென்றால் குருணையாக்காமல் இலையாகவே உருட்டிப் பதப்படுத்திய ஆர்தடாக்ஸ் டீயாக வாங்குங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போட்டு மூடுங்கள். மூன்று நிமிஷம் போதும். வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலைக் கொஞ்சம் சேருங்கள். பாலின் புரதம் துவர்ப்பை அடக்கும். வடித்த சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைக்க வேண்டாம். காலையில் குடிப்பதென்றால் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள்.

மஞ்சள்_மாநகர் எழுதியது:

இவர்கள் சொன்னது எல்லாம் சரி. நான் இரண்டு வருஷம் முன்னால் ஆறிலிருந்து ஒன்றுக்கு வந்தவள், அதனால் ஒரு வார்த்தை. காலைக் காபியைத் தொடாதீர்கள் அக்கா. நீங்கள் எழுதியதைப் படித்தாலே தெரிகிறது, உங்களுக்கு அந்த ஒன்றுதான் காபி. மற்ற நாலும் பழக்கத்துக்குக் குடிப்பவை. நீங்கள் காலைக் காபியையும் சேர்த்து நிறுத்தினீர்கள், அதனால்தான் உடம்போடு மனசும் அடம்பிடித்தது.

நான் செய்தது இதுதான். என் காபித்தூள் 80-20, அதாவது காபி 80, சிக்கரி 20. கடையில் சொல்லி 60-40 ஆக அரைத்து வாங்கினேன். சிக்கரியில் காஃபின் கிடையாது. அதே கரண்டி, அதே டம்ளர், ஆனால் காஃபினில் கால்வாசி குறைந்துவிட்டது. தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. பாக்கெட் வாங்குகிறவர்கள் மேலே அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள், 49 வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கடையில் ரொபஸ்டா கலக்கிறார்களா என்றும் கேளுங்கள். அரபிகாவைப்போல அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின். அரபிகாக் கொட்டை ரகங்களான பீபெர்ரியோ பிளான்டேஷன் ஏ-யோ மட்டும் போட்டு அரைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் கடைசியிலிருந்து எடுத்தேன். சாயங்காலத்துக்குச் சுக்குமல்லிக் காபி. சுக்கு, அதைப்போல மூன்று பங்கு மல்லி, நாலைந்து மிளகு, கொஞ்சம் கருப்பட்டி. கையில் சூடாக ஏதாவது இருந்தால் போதும், அந்த நேரம் கடந்துவிடும்.

காவிரிக்கரை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டுத் தங்கை சொன்னபடி முதலில் தூளை மாற்றினேன். 60-40 டிகாக்ஷன் கறுப்பாக இறங்கும், ஆனால் பின்னால் ஒரு கசப்பு நிற்கிறது. மூன்று நாள் பிடிக்கவில்லை, அப்புறம் பழகிவிட்டது. இரண்டாம் வாரம் ஆறரை மணிக் காபிக்குப் பதில் சுக்குமல்லி. மூன்றாம் வாரம் நாலு மணிக்கு டீ. அந்த வாரம் செவ்வாய், புதன் இரண்டு நாளும் தலை லேசாகக் கனத்தது, மாத்திரை போடும் அளவுக்கு இல்லை. பிறகு பதினொரு மணிக் காபியும் டீயானது. அலுவலகத்தில் ஒரு சின்ன பிளாஸ்கும் குன்னூர் அண்ணன் சொன்ன பெரிய குருணைத் தூளும் வைத்திருக்கிறேன். மூன்று நிமிஷத்துக்கு மேல் விட்டால் எனக்கே இப்போது நாக்கில் தெரிகிறது.

சமையல் முடிந்ததும் குடிக்கிற அந்த இரண்டாவது டம்ளரை இன்னும் முழுக்க விட முடியவில்லை. பாதி டம்ளர், அதுவும் இரண்டாம் டிகாக்ஷனில். முதல் டிகாக்ஷனிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும் என்பதால் இப்போதைக்கு இதோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரும்புச்சத்து மாத்திரையை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிக்கொண்டேன். பத்தரைக்கெல்லாம் கண் சொக்குகிறது. கடைசியாகப் படபடப்பு வந்து பதினெட்டு நாள் ஆகிறது, காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

காலைக் காபி அப்படியே இருக்கிறது. அதற்கு மட்டும் பீபெர்ரி 80-20 தனியாக நூறு கிராம் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு டம்ளருக்கு மட்டும் தூள் போடுவதால் அம்மாவின் பில்டரில் அடித்தட்டு மூடுகிற அளவுக்குத்தான் நிற்கிறது, தண்ணீர் நிற்காமல் சீக்கிரம் இறங்கிவிடுகிறது, டிகாக்ஷன் நீர்த்துப்போகிறது. குடையை இன்னும் அழுத்தினால் சரியாகுமா, இல்லை தூளைக் கொஞ்சம் நைசாக அரைக்கச் சொல்ல வேண்டுமா? ஒரு ஆளுக்கு மட்டும் பில்டர் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.