தமிழாக்கிய வினாநிரல்: ஆல்ஃபா 0.86, ஆனால் எதிர்மறை வரிகள் தனியாகப் பிரிகின்றன

செந்தூல் மாணவி

வணக்கம். கல்வியியல் முதுகலை ஆய்வு செய்கிறேன். கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தின் மீதுள்ள பயத்தை அளப்பதுதான் நோக்கம். ஆங்கில வினாநிரல் ஒன்றைத் தமிழாக்கியிருக்கிறேன். 24 உருப்படிகள் (வரிகள்): 16 நேர்மறை, அதாவது பயத்தைச் சொல்பவை; 8 எதிர்மறை, பயம் இல்லை என்று சொல்பவை. "முற்றிலும் மறுக்கிறேன்" முதல் "முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்" வரை 4 புள்ளி அளவை.

மறுமொழிபெயர்ப்பு (தமிழை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றியது) மூல ஆங்கிலத்தோடு கிட்டத்தட்ட வரிக்கு வரி ஒத்துப்போனது. 30 மாணவர்களிடம் செய்த பைலட்டில் (முன்னோட்டத்தில்) ஆல்ஃபா, அதாவது உருப்படிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு, 0.86. ஆனால் எந்த வரிகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் 8 எதிர்மறை வரிகளும் தனிக் காரணியாக (தனிக் குழுவாக) நிற்கின்றன. மேற்பார்வையாளர் கருத்துரு (அளக்க நினைக்கும் பண்பு) சரியா என்று கேட்கிறார். அவற்றை நீக்கிவிடலாமா? முதன்மை ஆய்வுக்கு 300 பேர் போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை

தங்கச்சி, புள்ளிவிவரத்துக்குப் போவதற்கு முன் தமிழைப் பாருங்கள். மறுமொழிபெயர்ப்பு வரிக்கு வரி ஒத்துப்போனது என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் ஐயம். ஆய்வாளர் பிரிஸ்லின் 1970இல் முன்வைத்த முறை அது. நல்ல முறைதான், ஆனால் தமிழில் அதற்கு ஒரு பொறி உண்டு: சொல்லுக்குச் சொல் போட்ட கரடுமுரடான தமிழ்தான் மறுபடி ஆங்கிலத்துக்குப் போகும்போது மிக அழகாகப் பொருந்தும். "நான் அறிவியலில் நல்லவன்" என்று எழுதினால் திரும்ப மொழிபெயர்ப்பவர் மூல வாக்கியத்தையே அப்படியே தருவார். பிள்ளைக்கோ அது நடத்தையைப் பற்றிய கேள்வி. அதோடு "நல்லவன்" என்றால் வகுப்பில் பாதிப் பேராகிய பெண் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். "கெட்டிக்காரன்", "திறமைசாலியானவன்" எல்லாம் இதே கதைதான். "எனக்கு அறிவியல் நன்றாக வரும்" என்று எழுதிவிட்டால் பால் விகுதியும் போய்விடும், பொருளும் நேராக வரும்.

பய உணர்வுச் சொற்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். "பதற்றம்" 11 வயதுப் பிள்ளைக்குச் செய்தித்தாள் சொல். "வயிற்றைக் கலக்குகிறது" என்று போட்டால் சிலர் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். "நெஞ்சு படபடக்கும்", "கை நடுங்கும்", "பயமாக இருக்கும்" இவை சிக்கலில்லாமல் போகும்.

இனி உங்கள் எதிர்மறை வரிகள். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அதுவும் வினையோடு ஒட்டிக்கொண்டு. "அறிவியல் சோதனை செய்யும்போது எனக்குப் பயம் ஏற்படுவதில்லை" என்ற வரியில் "பயம்" என்பதைக் கண்டதுமே பிள்ளையின் பென்சில் நகர்ந்துவிடும், "இல்லை" கண்ணில் படுவதற்குள். அப்படியே கடைசிவரை வாசித்தாலும், பயப்படும் பிள்ளை "பயம் ஏற்படுவதில்லை" என்பதை "மறுக்கிறேன்" என்று குறிக்க வேண்டும். மறுப்புக்கு மறுப்பு. பெரியவர்களே தடுமாறுவார்கள். உங்கள் இரண்டாவது காரணி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கருத்துருவில் கோளாறு இல்லை, வாக்கிய அமைப்பு உண்டாக்கிய காரணி.

நீக்க வேண்டாம், திருப்பி எழுதுங்கள். "பயம் ஏற்படுவதில்லை" என்பதை "தைரியமாகச் செய்வேன்" என்று மாற்றினால் திசை எதிராகவே இருக்கும், மறுப்பு விகுதி இருக்காது. பதில் அளவையையும் மாற்றுங்கள்: "ஒருபோதும் இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும்". சிரித்த முகம், அழுத முகம் படங்கள் வேண்டாம். "எனக்குப் பயமாக இருக்கும்" என்பதற்கு "ஆம்" சொல்லப் பிள்ளை சிரித்த முகத்தையா வட்டமிடும்?

பிறகு 6 முதல் 8 பிள்ளைகளோடு தனித்தனியாக உட்காருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்காதீர்கள், தட்டுத் தடுமாறி வாசிப்பவர்களும் வேண்டும். ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், "இதை உன் சொல்லில் சொல்", "ஏன் இந்தப் பதிலைப் போட்டாய்" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த வரியை மாற்றுங்கள். "அறிவியல் எளிதாகவும் சுவையாகவும் இருக்கிறது" போன்ற இரட்டைக் கேள்விகள் இங்கேதான் பிடிபடும்.

ஒன்று விட்டுப்போச்சு. இருமொழிப் பாடத்திட்டம், அதாவது டிஎல்பி, நடக்கும் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் போதிக்கப்படுகிறது. அங்கே பிள்ளை பயப்படுவது அறிவியலுக்கா, ஆங்கிலத்துக்கா? டிஎல்பி வகுப்பா என்பதைப் படிவத்தின் தலைப்பகுதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தரவு வந்தபின் பிரிக்க முடியாது.

எண்ணும் எழுத்தும்

பிரிக்பீல்ட்ஸ் அக்கா சொன்னதை எண்களும் ஆதரிக்கின்றன. 0.86 என்றதும் மகிழ வேண்டாம். ஆல்ஃபா உருப்படிகளின் எண்ணிக்கையோடு தானாகவே ஏறும். தங்களுக்குள் சராசரி ஒட்டுறவு (இரண்டு வரிகளின் பதில்கள் சேர்ந்து மாறும் அளவு) 0.20 மட்டுமே உள்ள 24 உருப்படிகள் போதும், ஆல்ஃபா 0.86 வந்துவிடும். அதே 0.20 ஒட்டுறவோடு 8 உருப்படிகள் என்றால் 0.67தான். ஆகவே உயர்ந்த ஆல்ஃபா "ஒரே கருத்துருவை அளக்கிறது" என்பதற்குச் சான்றே அல்ல. நேர்மறை 16, எதிர்மறை 8 இரண்டுக்கும் தனித்தனியாக ஆல்ஃபா போட்டு, இரண்டு தொகுதிகளுக்கும் இடையிலான ஒட்டுறவையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன் எதிர்மறை வரிகளைத் திருப்பிக் குறியிட்டீர்களா என்று சரிபாருங்கள்: 4 புள்ளி அளவையில் புதிய மதிப்பு = 5 − பழைய மதிப்பு. ஒன்றிரண்டு வரிகள் விடுபட்டிருந்தால் மென்பொருள் தரும் "நீக்கினால் ஆல்ஃபா" (அந்த வரியை நீக்கினால் வரும் ஆல்ஃபா) பத்தியில் அவை துருத்திக்கொண்டு தெரியும்.

30 பேரை வைத்துக் காரணிப் பகுப்பாய்வு செய்யவே கூடாது. உண்மையில் எந்த உறவும் இல்லாத இரண்டு உருப்படிகளுக்கும் 30 பேரில் 0.36 வரை ஒட்டுறவு தற்செயலாக வரலாம். 24 உருப்படிகளில் 276 இணைகள் இருக்கின்றன. எத்தனை போலி உறவுகள் முளைக்கும் என்று பாருங்கள். பைலட் ஆல்ஃபாவும் அப்படித்தான்: 10 உருப்படிகளுக்கு 30 பேரிடம் 0.80 வந்தால் அதன் 95% நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய 0.67 முதல் 0.89 வரை. பைலட் என்பது நேரம், அச்சு, புரிதல் பார்ப்பதற்கு.

300 பேர் விஷயம். மாதிரி அளவு சொல்லும் கிரெஜ்சி–மோர்கன் 1970 அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள், மொத்தம் 1,000 பேர் என்றால் 278 பேரை எடுக்க வேண்டும் என்று. அது ஒரு விகிதத்தை 5% பிழைக்குள் மதிப்பிட, தனித்தனி ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுக்கும்போது பொருந்துவது. நீங்கள் எடுப்பதோ வகுப்பு வகுப்பாக. ஒரே ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். வகுப்புக்கு 25 பேர், வகுப்புக்குள் ஒட்டுறவு 0.1 என்று வைத்துக்கொண்டால் வடிவமைப்பு விளைவு (வகுப்பு வகுப்பாக எடுப்பதால் மாதிரி எத்தனை மடங்கு வலுவிழக்கிறது என்பது) 1 + 24 × 0.1 = 3.4. அதாவது 12 வகுப்புகளில் எடுத்த 300 பேர், குலுக்கலில் எடுத்த 88 பேருக்குத்தான் சமம். அதே 300 பேரை 30 வகுப்புகளிலிருந்து பத்துப் பத்தாக எடுத்தால் விளைவு 1.9, பயனுள்ள எண்ணிக்கை 158. பிள்ளைகளைக் கூட்டுவதைவிட வகுப்புகளைக் கூட்டுங்கள்.

நிபுணர் மதிப்பீடு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. 6 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை புள்ளி கேளுங்கள். 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதம்தான் உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு. 6 பேரில் 5 என்றால் 0.83, ஏற்கலாம், 4 என்றால் 0.67, திருத்த வேண்டும். 5 பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆய்வாளர் லின் 1986இல் வைத்த அளவுகோல். அந்த அறுவரில் இருவராவது நடப்பில் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் போதிப்பவர்களாக இருக்கட்டும். எல்லாரும் பேராசிரியர்களாக இருந்தால் "பதற்றம்" என்ற சொல் அப்படியே தப்பிவிடும்.

களப்பணி

வரிசையை மட்டும் சொல்கிறேன். மூல ஆசிரியரிடம் மின்னஞ்சலில் மொழிபெயர்ப்பு அனுமதி, பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, கல்வி அமைச்சின் ஈராஸ் (பள்ளிகளில் ஆய்வு செய்ய அனுமதி கேட்கும் இணையத்தளம்), பிறகு கோலாலம்பூருக்கான கூட்டரசுப் பிரதேச கல்வி இலாகா, கடைசியாகத் தலைமையாசிரியர். சிலாங்கூர்ப் பள்ளிகளையும் சேர்த்தால் அந்த மாநில இலாகாவின் கடிதம் தனி. ஈராஸில் வினாநிரலையும் சேர்த்துத்தான் அனுப்புகிறோம். ஆகவே பிள்ளைகளோடு உட்கார்ந்து திருத்தி முடித்த தமிழை அனுப்புங்கள், அரைகுறையை அனுப்பாதீர்கள்.

ஒரு பாடவேளை 30 நிமிடம். விளக்கம், பெயர் வேண்டாம் என்று சொல்வது, படிவம் கொடுப்பது எல்லாம் சேர்ந்தால் 24 வரிக்கு அது போதாது. இரட்டைப் பாடவேளையாகக் கேளுங்கள். யுஏஎஸ்ஏ (கல்வியாண்டு இறுதித்) தேர்வு நெருங்கும் வாரங்களில் போகாதீர்கள், பள்ளிக்கும் தொல்லை, பிள்ளைகளின் பயமும் அப்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். வரிகளை நீங்களே ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசியுங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது தமிழ் வாசிப்புத் திறனை. வகுப்பாசிரியரைப் பணிவாக வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

செந்தூல் மாணவி

மிக்க நன்றி, எல்லாருக்கும். 8 வரிகளையும் திருப்பி எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்வி: ஏற்கெனவே எடுத்த 30 பேரின் தரவை முதன்மை ஆய்வோடு சேர்க்கலாமா?

எண்ணும் எழுத்தும்

கூடாது. வரிகள் மாறிவிட்டன, அளவையும் மாறுகிறது. அந்தப் பள்ளியையே முதன்மை ஆய்விலிருந்து விலக்குங்கள்; பிள்ளைகள் கேள்விகளை ஒருமுறை பார்த்துவிட்டார்கள், பக்கத்து வகுப்புக்கும் சொல்லியிருப்பார்கள். பழைய படிவங்களை எறிய வேண்டாம். எந்த வரியில் இரண்டு விடைகள் வட்டமிடப்பட்டிருக்கின்றன, எங்கே அழித்து அழித்து எழுதியிருக்கிறார்கள், எந்த வரி காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். திருத்த வேண்டிய வரிகளின் பட்டியல் அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.