கலைச்சொல்: சுழலி எஞ்சினில் 'தேய்மான வரம்பு' சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். இது சுழலி (ரோட்டரி) எஞ்சின்; பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலி உறைக்குள் சுழலும். கழற்றிய பாகத்தைத் திரும்பப் போடலாமா என்று பார்க்கும் அளவுக்கு 'தேய்மான வரம்பு' என்று முதலில் எழுதினேன். ஆனால் தேய்மானம் என்றதும் வணிகவியல் படித்தவருக்குச் சொத்து மதிப்புக் குறைவுதான் நினைவுக்கு வரும். ஆகவே 'தேய்வெல்லை' என முன்மொழிகிறேன்.

எடுத்துக்காட்டு: ஆர்எக்ஸ்-7 இரண்டாம், மூன்றாம் தலைமுறை எஞ்சின்களில் சுழலியின் முனைகளில் உள்ள முனையடைப்பான், அதாவது பட்டறையில் ஏபெக்ஸ் சீல் என்பது, 2 மி.மீ. தடிமன். புதிதில் உயரம் 8.0 மி.மீ., தேய்வெல்லை 6.5 மி.மீ. சீலுக்கு 'முத்திரை' என்று எழுதுவதைத் தயவுசெய்து கைவிடுவோம். இது அச்சுக் குத்துவதில்லை, வாயுவை அடைக்கிறது.

* * *

> தேய்வெல்லை 6.5 மி.மீ.

ஐயா, 'தேய்வு' நல்ல சொல். ஆனால் அந்த ஒரே சொல் எல்லா அளவுக்கும் பொருந்தாது.

சுழலியின் பக்கவாட்டில் உள்ள பக்க அடைப்பானுக்கும் (சைடு சீல்) அதன் மூலையில் உள்ள மூலை அடைப்பானுக்கும் (கார்னர் சீல்) நடுவே 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். 0.40ஐத் தாண்டினால் மாற்ற வேண்டும். அங்கே எண் கூடுகிறது, குறைவதில்லை. சுழலியைப் பக்கவாட்டில் மூடும் பக்க உறையின் நெளிவு 0.04 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நேர்விளிம்பும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்ப்போம். அது சூட்டில் வளைந்தது, தேய்ந்ததல்ல.

இன்னொன்றும் உண்டு, அதுதான் முக்கியம். 6.6 மி.மீ. உள்ள முனையடைப்பான் எல்லைக்குள் இருக்கிறது. 'எல்லைக்குள் இருக்கிறதே' என்று போட்டுவிட்டால், அது ஓடித் தேய 0.1 மி.மீ.தான் மிச்சம். இந்த எஞ்சினில் ஓர் அடைப்பானை மட்டும் கழற்ற வழியில்லை. ஐந்து உறைகளையும் அடுக்கி நீள போல்ட்டுகளால் இறுக்கியிருப்பதால் முழுவதையும் பிரிக்க வேண்டும். எஞ்சின் பழுதுபார்ப்புக் கையேடு 'தாண்டினால் மாற்று' என்கிறது. 'தாண்டாவிட்டால் போடு' என்று சொல்லவில்லை. நம் சொல்லும் அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

* * *

ஏற்கிறேன். அப்படியானால் பொதுச்சொல் 'கழிப்பெல்லை'. இதற்கு அப்பால் கழித்துவிடு என்பதோடு நின்றுவிடும், திரும்பப் போடலாம் என்று உறுதி தராது. 'தேய்வு' உலோகம் குறைந்த இடங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

பக்க உறையில் அடைப்பான்கள் உரசி விழும் பள்ளத்துக்கு 'படித்தேய்வு' பொருந்துமா? டயல் கேஜை ஓட்டினால் படியில் இறங்குவதுபோல முள் விழும். கழிப்பெல்லை 0.10 மி.மீ.

* * *

படித்தேய்வு அருமை. அந்தப் பதிவில் ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். உறையைச் சாணை பிடித்து மட்டமாக்கினால் படி மறையும், கூடவே நைட்ரைடு ஏற்றிய (நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கிய) மேற்படலமும் போய்விடும். மறுபடி நைட்ரைடு ஏற்றாமல் பூட்டினால் மென்மையான வார்ப்பிரும்பு சீக்கிரம் தேயும்.

திரும்பப் போடுவதற்கு 'மீள்பூட்டு' என்பேன். இலங்கையில் 'கழற்றிப் பூட்டுதல்' அன்றாடப் பேச்சு. தமிழகத்தில் கதவுப் பூட்டு நினைவுக்கு வரும் என்பார்கள். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், பொருத்துவது என்ற பொருள் எங்கும் உயிரோடுதான் இருக்கிறது.

மீள்பூட்டுத் தகுதியை ஒரு பாகத்தை மட்டும் அளந்து சொல்ல முடியாது. சுழலியின் பள்ளத்தில் முனையடைப்பானுக்கு 0.15 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால், புது அடைப்பானும் சாய்ந்து நின்று வாயுவை விடும். எண்ணே இல்லாத இடமும் உண்டு. சுழலியைச் சுற்றியிருக்கும் சுழலி உறையின் உள்முகத்தில் குரோமியப் பூச்சு பொறிச்செருகித் (ஸ்பார்க் பிளக்) துளையருகிலும் ஓரங்களிலும் உரியும். நகம் தட்டுகிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. உரிந்த உறையில் 8.0 மி.மீ. புது அடைப்பானைப் போட்டாலும் விளிம்பு கொத்துப்படும். 'பூச்சுரிவு' என்று தனிப்பதிவு வேண்டும்.

* * *

பூச்சுரிவு, படித்தேய்வு, கழிப்பெல்லை, மீள்பூட்டு நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறேன். நீர்க்கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் எண்ணெய் அடைப்பானின் ஓ-ரிங்குக்கும் கழிப்பெல்லைக் கட்டத்தில் எண் போடவில்லை. 'பிரித்தால் புதிது' என்றே எழுதியிருக்கிறேன்.