பாரதிபுரம் 3ஆவது தெரு, தர்மபுரி (வாட்ஸ்அப் குழு)

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். நம் தெருமுனைப் பூக்கார அக்கா மகளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். ஆன்லைனில் நிதி திரட்டப் பக்கம் தயார். இலக்கு 6 லட்சம். பாப்பா படம் ஒன்று கிடைத்தால் இன்றைக்கே லிங்க் போட்டுவிடுவேன்.

ராணி பெரியம்மா: ஐயோ, அந்தப் பிள்ளைக்கா? பொங்கலுக்குப் பாட்டி ஊருக்குப் போன இடத்தில் நடந்தது தானே?

தனலட்சுமி அத்தை: ஆமாம் அக்கா. கடத்தூர் பக்கம் வெல்ல ஆலையில். கொதிக்கிற பாகு தெறித்துக் கழுத்தில் விழுந்துவிட்டது. புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு இறுகித் தாடையை நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பாட்டிலை அண்ணாந்து குடிக்கிறார்கள். இவளால் முடியாது. தனியாக டம்ளர் கொண்டு போகிறாள், அதற்கும் கிண்டல்.

சேகர்: ஒகேனக்கல் தண்ணீர் இன்றைக்கு வருமா?

ராணி பெரியம்மா: காலையிலேயே விட்டு நிறுத்தியாச்சு சேகர். மேலே என்ன பேசுகிறார்கள் என்று படி.

கோகிலா அக்கா (நர்ஸ்): செந்தில், லிங்க்கைக் கொஞ்சம் நிறுத்தி வை. 6 லட்சம் என்று யார் சொன்னது?

செந்தில்: ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம் அக்கா.

கோகிலா அக்கா (நர்ஸ்): முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வரும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. சேலம் அரசு மருத்துவமனையிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. சின்ன இடத்தில் செய்யவும் கூடாது. கழுத்து நிமிராத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாய் இறக்குவதே பெரிய வேலை.

செந்தில்: அப்போ பணமே வேண்டாமா அக்கா?

கோகிலா அக்கா (நர்ஸ்): வேண்டும். ஆனால் வேறு எதற்கோ. தழும்பை விடுவித்துத் தொடையிலிருந்து தோல் எடுத்து வைப்பார்கள். அது ஒரு நாள் வேலை. அப்புறம் மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை, இறுக்கமான துணி, பிசியோதெரபி. அந்தத் துணியைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், தளர்ந்தால் புதிது. விட்டால் தோல் திரும்பச் சுருங்கும். போட்ட ஆபரேஷன் வீண். வார்டில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆபரேஷன் என்றால் ஊரே காசு கொடுக்கும். மூன்றாம் மாதம் பஸ்ஸுக்குக் கொடுக்க ஆள் இருக்காது.

தனலட்சுமி அத்தை: அந்த அம்மா கடை போடாத நாளெல்லாம் அடுப்பு எரியாது என்பதையும் சேர்த்துக்கொள்.

கோகிலா அக்கா (நர்ஸ்): ஆமாம் அத்தை. முட்டை, பால், பருப்பு நிறையக் கொடுத்தால்தான் புண் ஆறும். வளர்கிற பிள்ளை வேறு. உடம்பு வளரும், தழும்பு அதோடு சேர்ந்து வளராது. இரண்டு மூன்று வருஷம் கழித்து இன்னொரு தடவைகூட வெட்ட வேண்டி வரலாம்.

மணி மாமா: பேங்க்காரன் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரித் தளங்களில் பணம் கட்டும்போது டிப் என்று ஒரு தொகை தானாக நிரம்பியிருக்கும். வேண்டாமென்றால் சுழியமாக மாற்றலாம், பலர் பார்ப்பதே இல்லை. வரிச் சலுகை கேட்பவர்களுக்கு: தனி ஆளுக்குக் கொடுத்தால் அது கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளை என்றாலும் 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

செந்தில்: சரி மாமா. இலக்கை 60 ஆயிரம் என்று மாற்றுகிறேன், ஆறு மாதச் செலவு என்று தெளிவாக எழுதுகிறேன். படம்?

தனலட்சுமி அத்தை: இப்போதுதான் பாப்பாவின் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தேன். படம் வேண்டாம் என்கிறாள். நாளைக்குப் பெண் பெரியவளானதும் அந்தப் படம்தான் முன்னால் வந்து நிற்கும் என்கிறாள். இன்னொன்றும் சொன்னாள். ஆன்லைன் எல்லாம் வேண்டாமாம். தெருவில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதித் தரச் சொல்கிறாள், மொய் மாதிரி. அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைப்பாளாம்.

ராணி பெரியம்மா: நல்ல ரோஷக்காரி. என் பேரில் 1,000 எழுதுங்கள்.

சேகர்: எனக்கு 500.

மணி மாமா: நோட்டு நான் வைத்துக்கொள்கிறேன். பணம் நேராக அந்த அம்மா கணக்குக்கே போகட்டும், நம் யார் கைக்கும் வரவேண்டாம். செந்தில், லிங்க்கை எடுத்துவிடு.

செந்தில்: எடுத்துவிட்டேன் மாமா.

கோகிலா அக்கா (நர்ஸ்): தம்பி, திங்கட்கிழமை விஏஓ-விடம் வருமானச் சான்று, அங்கிருந்து கலெக்டர் ஆபீசில் காப்பீட்டு அட்டை எடுக்கிற இடம். ரேஷன் கார்டில் பாப்பா பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்.

செந்தில்: கார்டு போட்டோ அனுப்பினார்கள் அக்கா. பாப்பாவின் தம்பி பெயர் இருக்கிறது, இவள் பெயர் இல்லை.

கோகிலா அக்கா (நர்ஸ்): அப்போ முதலில் இ-சேவை மையம். ஆதார், பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வைக்கச் சொல். நாளைக்கு எனக்கு நைட் டியூட்டிதான், பகலில் நானும் வருகிறேன்.