மலையில சமணர் படுகை, கீழ ஊருணி, நடுவுல புறம்போக்கு: ஊர்க்குழுவா பாத்துக்கறோம், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது?

ஊருணிக்கரை:

வணக்கம் மக்களே. மதுரை மாவட்டத்துல ஒரு கிராமம் எங்களுது, பேரு இப்போதைக்கு வேணாம், கீழ படிச்சா ஏன்னு தெரியும். ஊருக்கு மேக்கால ஒரு மொட்டைப்பாறை மலை, பாதி ஏறுனா ஒரு புடவு, அதான் குகை மாதிரி, உள்ள சமணத் துறவிங்க படுக்க பாறையில வெட்டுன படுகை வரிசையா இருக்கு, தலைமாட்டுல மட்டும் தலையணை மாதிரி கொஞ்சம் தூக்கி வெட்டியிருப்பாங்கல்ல அதே தான். புடவு நெத்தியில ஒரு வரி தமிழி, அதான் பழைய காலத்துத் தமிழ் எழுத்து. வெளிப்பக்கம் பாறையில ஒரு சமணத் தீர்த்தங்கரர் சிலை, ஊர்ல அவருக்கும் எண்ணெய் சாத்தி வெளக்கு வைக்கிறாங்க. கீழ ஊருணி, ஊருணிக்கும் மலைக்கும் நடுவுல புறம்போக்கு, முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு.

ஊர்ப் பசங்க, ரெண்டு மூணு வாத்தியாருங்க, ஆடு மேய்க்கிற பெரியவங்கன்னு ஒரு குழுவா சேந்து ஞாயித்துக்கிழமையானா மேல போய் பாட்டிலு பிளாஸ்டிக்கு எல்லாம் பொறுக்கி மூட்டை கட்டி எறக்குறோம். அதுவரைக்கும் பிரச்சனையே இல்ல. அடுத்து என்னன்னு வரும்போதுதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. படுகை மேல ஆயில் பெயின்ட்ல பேரெழுதி ஹார்ட்டு போட்டு வச்சிருக்கானுங்க, அதை ஆசிட் ஊத்தி கம்பி பிரஷ்ஷால தேச்சா போயிடும்னு ஒரு குரூப் ரெடியா நிக்குது, நான்தான் கொஞ்சம் இருங்கடான்னு புடிச்சு வச்சிருக்கேன். இன்னொரு குரூப் ஜேசிபி விட்டு கருவேலத்த ஒரே நாள்ல வழிச்சுட்டு வரிசையா மரக்கன்னு நட்டுடலாம்ங்குது. வெளிநாட்டுல இருக்கற ஊர்க்காரர் ஒருத்தர் மேல வரைக்கும் சிமென்ட் படிக்கட்டு, அடிவாரத்துல அவங்க அப்பா பேர்ல ஒரு ஆர்ச்சு, ராத்திரிக்கு ஃபோகஸ் லைட்டு எல்லாம் என் செலவுங்கறார். நல்ல மனுஷன், முகத்துல அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்ல முடியல. இதுக்கு நடுவுல தெக்குப் பக்கம் ஒருத்தர் வருஷா வருஷம் வரப்பத் தள்ளித் தள்ளி புறம்போக்குக்குள்ள வந்துட்டே இருக்கார்.

எதை நாங்களே செய்யலாம், எதுக்கு பர்மிஷன் வேணும், சங்கமா பதிவு பண்ணணுமா? இந்த மாதிரி எடத்தப் பாத்துக்கற குழு யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

கல்லெழுத்து:

மொதல்ல அந்த ஆசிட் பாட்டில வாங்கி உள்ள வைங்க சார். கருங்கல்லுதானே என்ன ஆயிடப்போகுதுன்னு நெனைப்பாங்க, ஆசிட் பட்டா கல்லுல இருக்கற இரும்புச்சத்து கரைஞ்சு மஞ்சளா கறை எறங்கும், அப்புறம் அது பெயின்ட்ட விட கேவலமா தெரியும், போகவும் போகாது. கம்பி பிரஷ் இன்னும் மோசம். இந்த எழுத்தெல்லாம் பல எடத்துல ரொம்ப ஆழமா வெட்டுனது கெடையாது, அதுலயும் காத்து மழையில தேஞ்சது போக மிச்சம்தான் நாம பாக்கறது. ஹார்ட்டு இருக்கட்டும், அசிங்கமா இருந்தாலும் இருக்கட்டும். போட்டோ எடுத்து அளவோட தொல்லியல் துறைக்கு மனு போடுங்க, ஏஎஸ்ஐல, அதாவது மத்தியத் தொல்லியல் துறையில, இதுக்குன்னே அறிவியல் பிரிவு தனியா இருக்கு, கல்லையும் பெயின்ட்டையும் பாத்து எந்த ரசாயனம்னு முடிவு பண்றது அவங்க வேலை.

அடுத்து, அந்த எடம் யார் பாதுகாப்புல இருக்குன்னு கண்டுபிடிங்க, பாதி கேள்விக்கு அதுலயே பதில் வந்துரும். ஏஎஸ்ஐயா, மாநிலத் தொல்லியல் துறையா, ரெண்டும் இல்லையா. போர்டு இல்லங்கறதால பாதுகாப்பு இல்லன்னு அர்த்தம் கெடையாது, போர்டு எப்பவோ துருப்பிடிச்சு விழுந்திருக்கும். ரெண்டு துறைக்கும் தனித்தனியா ஆர்டிஐ போட்டா 30 நாளுல பதில் குடுத்தாகணும். ஏஎஸ்ஐ லிஸ்ட்ல இருந்தா 1958 தொல்சின்னங்கள் சட்டம், அதுல 2010ல கொண்டுவந்த திருத்தம் பொருந்தும், அதாவது பாதுகாக்கப்பட்ட எல்லையிலருந்து 100 மீட்டருக்கு எந்தப் புதுக் கட்டுமானமும் கூடாது, அதுக்கு வெளிய இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். அப்ப ஆர்ச்சு கதை அங்கயே முடிஞ்சுது, நீங்க வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல, சட்டம் சொல்லிடும். மாநிலத் துறைன்னா இதே மாதிரி மாநிலத்தோட 1966 சட்டம். ரெண்டும் இல்லன்னா மாநிலத் துறைக்கு பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிக்கச் சொல்லி ஊர் சார்பா மனு குடுக்கலாம்.

இன்னொண்ணு, எழுத்து போட்டோல தெரியலன்னு சாக்பீஸ், கோலமாவு, விபூதி எதையும் வச்சு தேய்க்க விடாதீங்க. பாறையில இருக்கற வெடிப்பையும் எழுத்துன்னு நெனச்சு ஒருத்தன் நிரப்பிட்டுப் போயிடுவான், அந்த போட்டோவ வச்சு இன்னொருத்தன் புதுசா ஒரு ராஜாவக் கண்டுபிடிப்பான். இருட்டுனதுக்கப்புறம் போய் டார்ச்ச நேரா அடிக்காம பாறையோட ஒட்டி சாச்சு பிடிங்க, ஒரு பக்கம் நிழல் விழுந்து பகல்ல கண்ணுக்கே தெரியாத கோடெல்லாம் எந்திரிச்சு நிக்கும். நாலு திசையிலருந்தும் அடிச்சு நாலு போட்டோ எடுத்து தேதி போட்டு வைங்க, பின்னால யாராச்சும் சேதப்படுத்துனா உங்க கையில இருக்கற ஆதாரம் அதுதான். நம்ம மதுரைப் பக்கத்து மாங்குளம் தமிழி கல்வெட்ட ராபர்ட் சீவெல் 1882லயே பாத்துட்டார், அது தமிழ்தான்னு கே.வி.சுப்பிரமணிய ஐயர் 1924ல எடுத்துச் சொல்ற வரைக்கும் நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த நாப்பது வருஷத்துல எவனாச்சும் நல்லது செய்றேன்னு தேச்சுக் கழுவியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க.

தீர்த்தங்கரருக்கு எண்ணெய் சாத்துறதப் பத்தி பொம்பளைங்ககிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அவங்க சாமியா கும்பிட்டதாலதான் அந்தச் சிலை மூக்கு உடையாம இருக்கு, அதை மறந்துட்டு பேசக்கூடாது. வெளக்க மட்டும் பாறையில கரி படியாத மாதிரி நாலடி தள்ளி வைக்க ஒரு கல்லு போட்டுக் குடுங்க, போதும்.

எஃப்லைன்:

நான் சர்வே பக்கம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் தம்பி. மேல இருக்கறதப் பத்தி சார் சொல்லிட்டார், நான் கீழ இருக்கற மண்ணப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா என் அனுபவத்துல இந்த மாதிரி எடமெல்லாம் பாறையில பேரெழுதி அழிஞ்சத விட நிலம் போயி அழிஞ்சதுதான் ஜாஸ்தி.

விஏஓ ஆபீஸ்ல ஏ-ரெஜிஸ்டர்ல, அதான் ஊர் நிலக் கணக்குப் புத்தகத்துல, அந்த சர்வே நம்பர் என்ன வகைப்பாடுன்னு பாருங்க. புறம்போக்குன்னு நீங்க மொத்தமா சொல்றீங்க, அதுக்குள்ள மேய்க்கால், நீர்நிலை, கல்லாங்குத்து (பாறை நிலம்), மலை, தரிசுன்னு ஆயிரம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு விதி. ஊருணியும் மலையும் ஒரே நம்பர்ல இருக்கும்னு நெனைக்காதீங்க, நடுவுல இருக்கற துண்டு தனி நம்பரா இருக்கும், பிரச்சனை வர்றதே அந்தத் துண்டுல தான். எஃப்எம்பி, அதான் நில அளவை வரைபடம், ஆன்லைன்லயே எடுக்கலாம். அதைக் கையில வச்சுக்கிட்டு எல்லைக்கல்லு எங்கெங்க இருக்குன்னு ஒரு நாள் நடந்து பாருங்க, கருவேலத்துக்குள்ள புதைஞ்சு கெடக்கும், சிலது இருக்காது. இல்லாதத எழுதிக்கிட்டு தாசில்தாருக்கு எல்லை அளந்து கல்லு நடச் சொல்லி மனு போடுங்க. தெக்குப் பக்கத்துக்காரர்கிட்ட அதுக்கு முன்னாடி வாய்த்தகராறு வேணாம், அளந்த பின்னாடி 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்துல தாசில்தாரே நோட்டீஸ் குடுத்து வெளியேத்தலாம், அதுவரைக்கும் அவர் உங்க ஊர்க்காரர், உங்க பங்காளி. நீங்களா போய் வேலிய புடுங்குனீங்கன்னா கேஸ் உங்க மேலதான் வரும்.

கிராமசபையில தீர்மானம் போடுங்க. வருஷத்துக்கு 6 சபை, குடியரசு தினம், தண்ணீர் தினம், மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. உங்க மாவட்டக் கதையே எடுத்துக்கங்க, அரிட்டாபட்டி. அங்க 193 ஹெக்டேர் சொச்சம் 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுலயே மொதல். அப்படி இருந்தும் 2024ல டங்ஸ்டன் சுரங்க ஏலத்துல அந்தப் பகுதி வந்துச்சு. ஊர் ஊரா சனம் எறங்கி, தீர்மானம் போட்டு, டிசம்பர்ல சட்டசபையிலயும் தீர்மானம் வந்து, 2025 ஜனவரில தான் ஏலம் ரத்தாச்சு. அறிவிப்பு மட்டும் காப்பாத்தல, அதே சமயம் அந்த அறிவிப்பு இல்லன்னா கையில புடிக்க ஒண்ணும் இருந்திருக்காது, ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்.

வெப்பாலை:

ஜேசிபி வேணவே வேணாம். இந்த மாதிரி மலையடிவாரத்துல தான் முதுமக்கள் தாழி, கல்வட்டம் எல்லாம் இருக்க சான்ஸ் அதிகம். கருவேல மரத்தோட தூர்ல மாட்டிக்கிட்டு தாழி வாய் ஒடைஞ்சு வர்றத பல ஊர்ல பாக்கறோம். மொதல்ல குனிஞ்சு மண்ணப் பாருங்க, ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம் சிவப்பா வழவழன்னு ஓடு செதறிக் கெடந்தா அங்க கடப்பாரை கூட போடக்கூடாது. எதாச்சும் முழுசா வந்தா தொடாம மூடிட்டு விஏஓ, தாசில்தாருக்குத் தகவல் குடுங்க. 1878 புதையல் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது மண்ணுக்குள்ள கெடைச்சாலும் கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும்னு இருக்கு.

கருவேலத்த அரிவாளால வெட்டுனா மறு வருஷம் ஒண்ணுக்கு நாலா வரும், தூரோட எடுக்கணும், அதனால ஓடு இல்லாத எடமா பாத்து, ஊருணிக் கரையிலயும் வரத்துக்காலுலயும் மொதல்ல கை வைங்க, அங்க எடுத்தா தண்ணி வரும், சனம் பலனப் பாக்கும், அடுத்த வாரம் ஆளும் கூடும். புறம்போக்குல இருக்கற மரம் அரசாங்கத்தோடது, எடுக்கறதுக்கு அனுமதி வாங்குங்க, விறகு ஏலம் பஞ்சாயத்து வழியா போகட்டும், குழு கணக்குல வெறகு காசு வந்துச்சுன்னா அன்னைக்கே குழு ரெண்டா ஒடஞ்சுரும்.

மரம் நடறேன்னு பாறைக்கிட்ட ஆல், அரசு, அத்தி வச்சுடாதீங்க ப்ளீஸ். வேர் வெடிப்புக்குள்ள போனா பாறையவே பொளந்துரும், ஏற்கனவே பறவை எச்சத்துல மொளச்சது இருந்தா சின்னதா இருக்கும்போதே எடுத்துருங்க, பெருசானத இழுத்தா கல்லும் சேந்து வரும். கரையில மருது, பூவரசு, புரட்டாசி ஐப்பசில பனை விதை. தள்ளி இருக்கற காட்டுல உசிலை, ஆத்தி, வெப்பாலை (என் பேரு வச்சதுக்காக சொல்லல). சரிவு முழுக்க நடணும்னு அவசியமே இல்ல, புல்லு இருக்கற எடம் புல்லாவே இருக்கட்டும், ஆடு மேயட்டும், கௌதாரி அங்கதான் முட்டை வைக்கும். எல்லாத்தையும் தோப்பாக்குறதுதான் இயற்கைன்னு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல.

பஞ்சாயத்துல பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கான்னும் கேளுங்க, 2002 சட்டப்படி இருக்கணும். சின்ன எடத்துக்கெல்லாம் அறிவிப்பு தருவாங்களான்னு யோசிக்காதீங்க, திண்டுக்கல் காசம்பட்டி கோயில்காடு 5 ஹெக்டேர் கூட இல்ல, அது 2025ல பாரம்பரியத் தலமாயிருச்சு.

சும்மாஇருசொல்லற:

எல்லாரும் பெரிய பெரிய சட்டமா சொல்றீங்க. நான் ஒரே ஒரு விஷயம் சொல்றேன், சங்கம் பதிவு பண்ண அவசரப்படாதீங்க. 1975 சட்டத்துல 7 பேர் இருந்தா பதிவு பண்ணிரலாம், அது ஈஸி. அதுக்கப்புறம் வருஷா வருஷம் பொதுக்குழு, வரவு செலவு, நிர்வாகி மாறுனா பதிவாளருக்கு எழுதறதுன்னு ஒரு ஆள் அதுக்கே நேந்து விடணும். தலைவர் யாரு செயலாளர் யாருன்னு வந்ததும் குப்பை பொறுக்க வந்தவன்ல பாதிப் பேரு காணாமப் போயிடுவான். இப்ப உங்களுக்கு எதுக்கு பணம்? சாக்கு, கையுறை, சாயா. அதுக்கு ஒரு நோட்டு போதும். வெளிநாட்டுக்காரர் பணம் வாங்கறதா இருந்தா மட்டும் ஒரு ஆடிட்டரக் கேட்டுட்டு பதிவு பத்தி யோசிங்க.

கல்லெழுத்து:

இத நானும் ஒத்துக்கறேன். படிக்கட்டுக்காரர்கிட்ட ஊருணி வரத்துக்கால் தூர்வார, இல்ல ரோட்டுக்கிட்ட ஒரு கழிப்பறை கட்டக் கேளுங்க, மேல வர்ற சனம் படுகைக்குப் பின்னாடி ஒதுங்குறது நிக்கும். அப்பா பேர ஊர் எல்லையில தகவல் பலகைக்குக் கீழ போட்டுக்கலாம். ஃபோகஸ் லைட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க, வௌவால் கெளம்பிடும், ராத்திரி குடிக்கறவனுக்குத்தான் வசதி.

ஊருணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஆசிட் பார்ட்டிய நேத்து டார்ச்ச குடுத்து மேல கூட்டிட்டுப் போனோம், சாச்சு அடிச்சதும் நாங்க ஒரு வரின்னு நெனச்சதுக்குக் கீழ இன்னும் நாலஞ்சு எழுத்து தெரிஞ்சுது, அதுக்கப்புறம் எவனும் பிரஷ்ஷப் பத்திப் பேசல. விஏஓகிட்டயும் கேட்டாச்சு, நடுத்துண்டு கல்லாங்குத்துன்னு போட்டிருக்காம். மலை நம்பர்ல ஒரு ஓரமா ரெண்டு பேரு வந்து அளந்துட்டுப் போனதா ஆட்டுக்காரத் தாத்தா வேற சொல்றார், யாருன்னு தெரியல. அண்ணே இது என்னவா இருக்கும்?

எஃப்லைன்:

கல்லாங்குத்துன்னா உஷாரா இருக்கணும் தம்பி, குவாரிக்குன்னு தேடும்போது மொதல்ல கண்ணுக்குப் படறது அந்த வகைதான். கனிமவளத் துறை உதவி இயக்குநர் ஆபீஸ் கலெக்டர் ஆபீஸ்லயே இருக்கும், அந்த சர்வே நம்பர்ல விண்ணப்பம் எதாச்சும் வந்திருக்கான்னு ஆர்டிஐ போடுங்க, மாவட்ட அரசிதழ்ல ஏல அறிவிப்பு வருதான்னு ஒரு ஆள் தவறாம பாக்கணும். அடுத்த கிராமசபைக்கு காத்திருக்காம இந்த வாரமே படுகை, கல்வெட்டு போட்டோவ வச்சு கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் மனு குடுத்து ரசீது வாங்கிக்கங்க. சபை கூடும்போது தீர்மானத்துல சர்வே நம்பர் எல்லாத்தையும் எழுத்தால எழுதச் சொல்லுங்க, மலையப் பாதுகாக்கணும்னு பொதுவா எழுதுனா எந்த மலைன்னு கேப்பான். கையெழுத்து ஆனதும் அந்தப் பக்கத்த அங்கயே போட்டோ புடிச்சுக்கங்க. தாத்தாகிட்ட அந்த ரெண்டு பேரு எந்த மூலையில நின்னாங்கன்னு கேட்டு இங்க போடுங்க, நான் எஃப்எம்பியப் பாத்து சொல்றேன்.